நடு மூடியின் இரண்டாவது நட்டு

எஞ்சின் தொழிலில் இருப்பவர்களிடம் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது தபால்காரருக்கு மட்டும்தான் பயன்படுகிறது. ஒரு எஞ்சினின் நான்கு பிஸ்டன்களையும் அவற்றைத் தாங்கும் நான்கு ராடுகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்பாள். கூடுதலாக இருப்பதை உரசி உரசிக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவாள். அதுதான் அவள் வேலை. அரை கிராமில் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்டவர்களிடம், "நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்தும்போது அந்த அரை கிராம் உங்க மடியில வந்து உக்காரும், அப்ப கேளுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியவள் அவள். அப்படிச் சொல்வதை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது யார் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி.

பட்டறை அவள் அண்ணனுடையது. பந்தயக் கார்களின் எஞ்சினைப் பிரித்துக் கீழ்ப்பாகத்தைப் பலப்படுத்திக் கொடுப்பார்கள். நூற்றைம்பது குதிரைச் சக்திக்கென்று செய்த எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எனக்கு அறுநூறு வேண்டும் என்பார்கள், ஏதோ சட்டையை ஒரு சுற்று பெரிதாகத் தைக்கச் சொல்வது போல. மேலே டர்போவை மாட்டிக் காற்றைத் திணித்தால் சக்தி வந்துவிடும். அதை எந்தக் கத்துக்குட்டியும் செய்வான். வந்த சக்தியைத் தாங்குவது கீழே சுற்றும் கிராங்க் தண்டு. அந்தத் தண்டை ஐந்து இரும்பு மூடிகள் எஞ்சினின் உடலான பிளாக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மூடிக்கு இரண்டு போல்ட், ஆகப் பத்து. சக்தி கூடினால் தொழிற்சாலை போட்ட போல்ட் போதாது. அவற்றை எடுத்துவிட்டு, தலையில்லாத தடித்த திருகுகளான ஸ்டட்டுகளைப் பிளாக்கில் திருகி மேலே நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். எஞ்சினின் மேல்பக்கத்தைப் பளபளவென்று மெருகேற்றுகிறவனுக்கு ஊரெல்லாம் பேர். கீழ்ப்பக்கத்தை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை, உடைந்தால் தவிர.

அந்தப் பட்டறையில் நட்டு இறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. அண்ணன் மூன்று சுற்றாக இறுக்குவான். நடு மூடியில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போவான். கையில் டார்க் ரெஞ்ச். வைத்த அளவுக்கு இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். மூன்றாவது சுற்றில் டக் கேட்டதும் அண்ணன் "ஆச்சு" என்பான். எதிரில் நிற்கும் அவள் மெல்லிய தூரிகையால் நட்டையும் மூடியையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுப்பாள். கோடு விழுந்த நட்டு முடிந்த நட்டு. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட மாட்டார்கள், சந்தேகப்படவும் மாட்டார்கள். டக், ஆச்சு, கோடு. இருபது வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நட்டில் மாறியதோ என்பதுதான் அவளுடைய பதினோரு மாதமும்.

அவள் கணவரைப் பட்டறையில் எல்லோரும் ஆமை என்பார்கள். குளிக்கப் போனால் ஒரு மணி நேரம். சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கை கழுவி ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். தன் கல்யாணத்துக்கே கடைசியாக வந்து சேர்ந்த மனிதர். ஆனால் நேர்ப்பாதைப் பந்தயத்தில் காரில் ஏற்றி உட்கார வைத்தால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. பிள்ளை இல்லை அவர்களுக்கு. அதைப் பற்றி அவர்களைவிட அக்கம்பக்கத்தாருக்குத்தான் கவலை.

அன்றைக்கு அவருடைய எஞ்சினுக்கு மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தது. அண்ணன் நடு மூடியின் முதல் நட்டை முடித்து இரண்டாவதற்கு வந்தபோது ஆமை உள்ளே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அவள் கையிலிருந்த தூரிகையைப் பிடுங்கி அவள் மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டு, "மச்சான், இதுவும் முடிஞ்சுபோச்சு, இனிமே இதை யாரும் தொடக்கூடாது" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தூரிகையைத் திரும்ப வாங்கி இரண்டாவது நட்டில் கோடு இழுத்தாள். டக் கேட்டதா? அண்ணன் ஆச்சு என்றானா? அது மட்டும் ஞாபகமில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள், பந்தயத்தில், பாதையின் கடைசியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிப் பூட்டிக்கொண்டது. கார் குறுக்கே திரும்பிச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார். வாழ்க்கையில் அந்த ஒரு காரியத்தில்தான் அவர் அவசரப்பட்டார்.

அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுகிறாளா என்று பார்த்துப் பார்த்துப் போனார்கள். துக்கம் நெஞ்சை அடைக்கிறது என்றார்கள். அப்படி எதுவும் அடைக்கவில்லை. வெகுநேரம் மடித்து உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி அவள் முழுசாக மரத்துப்போயிருந்தாள். ஊன்றினால் தரை தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் பட்டறையில் அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

"அண்ணா, நடு மூடி ரெண்டாவது நட்டுல நான் அவசரப்பட்டுக் கோடு போட்டுட்டேனோன்னு இருக்கு. அவர் வந்து விளையாடினாரே, அப்ப."

அண்ணன் கையிலிருந்த துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"நடந்தது நடந்துபோச்சு பாப்பா. இப்ப எதுக்கு அதெல்லாம். போய் டீ குடி" என்றான்.

இல்லை என்று அவன் சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள். நாற்பத்தொரு வயதிலும் அவளைப் பாப்பா என்று கூப்பிடும் அண்ணன், பாப்பா நீ போட்டது சரியான கோடுதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, தங்கை என்பதால் மூடி மறைக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வேறு எந்த எஞ்சின் உடைந்து வந்தாலும் அண்ணன் வந்த அன்றைக்கே பிரித்துவிடுவான். எது போனது, ஏன் போனது என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த எஞ்சின் மட்டும் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. யாராவது கேட்டால் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பான். அதுவும் தனக்காகத்தான் என்று அவள் நினைத்தாள். பிரித்தால் தளர்ந்த நட்டு ஒன்று எல்லோர் கண்ணிலும் படும் அல்லவா.

அப்படியே மாதங்கள் போயின. பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் அவள் தனியாக இருந்தாள். காலையில் எழுந்து பல் தேய்த்தாள், படி இறங்கினாள், எடை போட்டாள், படி ஏறினாள். தூரிகை பிடிக்கும் வேலையும் பழையபடி நடந்தது. அண்ணன் ஆச்சு என்று சொல்லும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டு, அப்புறம்தான் கோடு இழுத்தாள். பகலில் அண்ணி சாப்பாடு அனுப்புவாள். "என்ன குழம்புன்னு சொல்லு பாப்போம்" என்று, ஒருநாள் தானே கொண்டுவந்து கொடுத்த அண்ணி வம்புக்கு இழுத்தாள். சாப்பிட்டு முடித்த தட்டை அவள் குனிந்து பார்த்தாள். தெரியவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். மாலை நாலு மணிக்கு அண்ணனே போய் டீ வாங்கிவந்து அவள் மேஜையில் வைப்பான். இருபது வருஷத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவன். அந்த டீயில் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிப்பாள். தான் செய்ததற்கு இவ்வளவு பொறுத்துப் போகிறானே என்று நன்றி வர வேண்டும். அதுவும் வரவில்லை.

போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தார். வாரம் பூராவும் பல் பிடுங்குவார், விடுமுறையில் கார் ஓட்டுவார். ஆமையிடம் இருந்த அதே ரக எஞ்சின், அதே அறுநூறு. பிடுங்குகிற பல் போதாதென்று இவருக்கு எதற்கு அறுநூறு குதிரை என்று பழைய தராசக்கா கேட்டிருப்பாள். இவள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போனதும் அண்ணன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"இந்த எஞ்சினுக்குக் கோடு நான் போட்டுக்குறேன் பாப்பா. நீ எடைய மட்டும் பாரு."

"ம்" என்றாள்.

ஆனால் அது உள்ளே போய்த் தைத்தது. பதினோரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிட்டான் என்று தோன்றியது. சரி, குற்றவாளி நான்தான் என்றால் அதை என் கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்று முடிவு செய்தாள். அதில் வீரம் ஒன்றும் இல்லை. இதற்குமேல் மரத்துப்போக இடமில்லை, அவ்வளவுதான்.

வார விடுமுறை அன்று காலை, பட்டறை பூட்டியிருக்கும் நேரம். படி இறங்கி வந்து தார்ப்பாயை இழுத்தாள். தூசி அடங்கக் காத்திருந்தாள். சங்கிலிக் கப்பியைக் கட்டி எஞ்சினைத் தூக்கித் தாங்கியில் மாட்டி, தலைகீழாகத் திருப்பினாள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் பத்து நட்டும் பத்து வெள்ளைக் கோடும் தெரிந்தன. கோடுகள் பளிச்சென்று இருந்தன. நடு மூடியில் இரண்டாவது நட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுப் பெயின்ட் சிந்தியிருந்தது. தூரிகைக்காக இருவரும் இழுபறி செய்தபோது விழுந்தது.

டார்க் ரெஞ்சைக் கடைசிச் சுற்றின் அளவுக்கு வைத்தாள். நட்டு சரியாக இறுகியிருந்தால் அசையாமல் டக் என்னும். இறுகாமல் இருந்தால் முதலில் நட்டுத் திரும்பும், கோடு உடையும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். டக். அடுத்தது. டக். ஒன்பது நட்டும் டக் என்றன. பத்தாவதாக அதை வைத்திருந்தாள். ரெஞ்சை அதன்மேல் மாட்டினாள். வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டி கிளம்பியதும் இவள் அழுத்தினாள்.

டக்.

நட்டு அசையவில்லை. கோடு ஒரு முடியளவுகூட விலகவில்லை. நம்பாமல் இன்னொரு முறை அழுத்தினாள். டக். இன்னொரு முறை. டக்.

தப்பித்தோம் என்று மனசு துள்ளும் என்று எதிர்பார்த்தாள். துள்ளவில்லை. அப்படியானால் எது போனது என்ற கேள்விதான் வந்தது. அது அண்ணன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நட்டுகளைக் கழற்றி மூடிகளைத் தூக்கினாள். நடு மூடிக்கும் தண்டுக்கும் இடையில் இருந்த மெல்லிய பேரிங் தகடு செம்பு தெரிய உரிந்து, தண்டோடு ஒட்டிச் சுற்றியிருந்தது. தண்டு அந்த இடத்தில் நீலம் பாரித்துக் கிடந்தது. எண்ணெய் ஓட இடைவெளி இல்லாமல் இரும்பும் தகடும் உரசிய சூடு. நட்டு சரி. எண்ணெய்ப் பம்பைப் பிரித்துப் பார்த்தாள், அதுவும் சரி. பிறகு ஏன் இடைவெளி இல்லை?

தண்டை வெளியே எடுத்தாள். மூடிகளை வெறுமனே திரும்பப் போட்டு, அதே ஸ்டட்டில், அதே இறுக்கத்துக்கு முறுக்கினாள். மூடியும் பிளாக்கும் சேரும்போது தண்டு உட்கார ஐந்து வட்டத் துளைகள் உண்டாகும். அவற்றை அளக்கும் டயலை எடுத்தாள். நடுத் துளை அடிபட்டது, அதைக் கணக்கில் எடுக்க முடியாது. இரண்டாவதையும் நான்காவதையும் அளந்தாள். மேலும் கீழும் ஒரு அளவு. பக்கவாட்டில் வேறு அளவு. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத முட்டை, ஆளைக் கொல்லப் போதுமான முட்டை.

அவளுக்கு ஒன்று தோன்றியது. அலமாரியில் இந்த எஞ்சினின் பழைய போல்ட்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. எடுத்துவந்தாள். ஸ்டட்டுகளைக் கழற்றிப் பழைய போல்ட்டைப் போட்டுப் பழைய இறுக்கத்துக்கு முறுக்கி மறுபடி அளந்தாள். டயலைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். முள் இம்மியும் அசையவில்லை. சுத்தமான வட்டம்.

இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. லேத்துக்காரர் போல்ட்டை இறுக்கி வைத்துத்தான் ஐந்து துளையையும் ஒரே கோட்டில் குடைவார். அப்புறம் போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போட்டால், ஸ்டட் இன்னும் பலமாக இழுக்கும்; மூடி இம்மியளவு நெளியும்; துளையின் வட்டம் போய்விடும். ஆகவே ஸ்டட் போட்டபின் பிளாக்கைத் திரும்ப லேத்துக்கு அனுப்பி மறுபடி குடைந்தாக வேண்டும். பிளாக் லேத்துக்குப் போவதும் வருவதும் அண்ணன் பொறுப்பு. எடைதான் அவள் பொறுப்பு. போய்வந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். நினைக்கக்கூட இல்லை, அண்ணன் செய்யாமல் விடுவான் என்று யார் நினைப்பார்கள்?

கதவு திறந்தது. அண்ணன். சங்கிலிக் கப்பியின் சத்தம் அடுத்த தெருவில் இருக்கும் அவன் வீட்டுக்குக் கேட்டிருக்காது, எப்படித் தெரிந்ததோ. பிரித்துக் கிடந்த எஞ்சினைப் பார்த்தான், பழைய போல்ட்டுகளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த டயலைப் பார்த்தான். பிறகு ஒரு காலி டின்னை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"நட்டு எல்லாம் சரியா இருக்குண்ணா" என்றாள்.

"ம்."

"துளைதான் சரியில்ல."

அண்ணன் பர்ஸை எடுத்து, அதன் உள்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை உருவி நீட்டினான். மடிப்பில் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. லேத்துக்காரரின் கோணல் எழுத்து. 'போல்ட்டில் குடைந்தது. ஸ்டட் போட்டால் திருப்பி அனுப்பவும்.'

"ஸ்டட்டு வந்து சேர்ந்தப்ப லேத்துக்காரர் ஊர்ல இல்ல" என்றான் அண்ணன். "பந்தயத்துக்கு மூணே நாள். மாப்பிள்ளை சொன்னாரு, பழைய போல்ட்டோடயே ஓட்டிக்கிறேன், இந்தத் தடவை சக்தியக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கலாம்னு. நான்தான் கேக்கல. ஸ்டட்டு போட்டா பலம்தானே, பலம் கூடினா என்ன கெட்டுப்போகுதுன்னு போட்டுட்டேன். அளந்துகூடப் பாக்கல. அளந்தா தெரிஞ்சுபோயிடும்னே அளக்கல."

அவள் சீட்டைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"ரெண்டாவது வாரம் நான் வந்து உன்கிட்டச் சொன்னேன், அந்த நட்ட நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேனோன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இவ்வளவு நாளும் நான் அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "தெரியும்."

"எனக்கு ஞாபகமில்ல. அந்த நட்டுக்கு டக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு பாப்பா. நான் ஆச்சுன்னு சொன்னேன். நீ சிரிச்சுக்கிட்டிருந்த."

ஏதோ ஒன்று அவள் காலிலிருந்து மேலே ஏறியது. மரத்த கால் விழித்துக்கொள்ளும்போது குத்துமே, அப்படிக் குத்திக்கொண்டு ஏறியது. என்னவென்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை, அவ்வளவு நாளாகிவிட்டது. கோபம்.

"தப்பு பண்ணினதக்கூட நான் பொறுத்துக்கிட்டிருப்பேன்ணா. தப்பு யாருக்கும் வரும். நான் என் புருஷனக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இங்க உக்காந்திருந்தேன். நீ எனக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்த!"

கடைசி வார்த்தையில் குரல் தகரக் கூரையில் போய் மோதியது. தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"சொன்னா நீயும் என்ன விட்டுப் போயிடுவேன்னு பயந்தேன் பாப்பா. இப்ப டாக்டர் எஞ்சின்ல நீ தூரிகையோட எதிர்ல நின்னா, என்னால..." அவன் அழுதான். பெரிய மனிதன், மூக்கு வடிய அழுதான். அவளுக்கு அவனைப் பார்த்து இரக்கம் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை.

"பாப்பான்னு கூப்பிடாத" என்றாள்.

டாக்டரின் பிளாக் வாசலோரம் இருந்தது. அதன்மேல் கை வைத்தாள். "இது ஸ்டட்டோட லேத்துக்குப் போகணும். நானே கொண்டுபோறேன். நானே நின்னு அளந்து வாங்கிட்டு வரேன். இனிமே முறுக்குறது நான். நீ கோடு போடு. நான் ஆச்சுன்னு சொன்னப்புறம் போடு."

அண்ணன் தலையாட்டினான்.

"இப்ப வீட்டுக்குப் போ."

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். சுவரோரக் குழாயில் கை கழுவினாள். எண்ணெய்க் கறை லேசில் போகவில்லை, சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். குழாய்க்கு மேலே ரசம் போன ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. பதினோரு மாதமாக அதில் அவள் முகம் பார்த்ததில்லை. மூக்கைத்தான் பார்க்கப் பயம்.

இப்போது பார்த்தாள். ஈரக் கையால் மூக்கு நுனியைத் தொட்டாள். 'இதுவும் முடிஞ்சுபோச்சு, இனிமே இதை யாரும் தொடக்கூடாது.' சொல்லும்போது அவர் முகத்தை எவ்வளவு கண்டிப்பாக வைத்துக்கொண்டார், திருட்டு ஆமை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. குழாயைக்கூட மூடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். அன்றைக்கு அவர் மூக்கில் ஒரு புள்ளி வைத்தார், அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் செய்தது அவ்வளவுதான்.